புதன்கிழமை முழு நைட்

பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு டயரி எழுதும் பழக்கம். மழை தொடங்கிய நேரம், கரண்ட் போன நேரம், வந்த நேரம், படித்து முடித்த புத்தகம், தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாவற்றையும் ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறேன். யாராவது ஒரு பழைய சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் கிழமையோடு சொல்லிவிடுவேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் இதற்காக என்னை மதிக்கிறார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். என்னைக் கண்டதும் சிலர் எதிர்வரிசைக்கு மாறி நடப்பதை வெயிலின் மேல் போட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட நான் இங்கே ஒரு தேதியும் எழுதப்போவதில்லை. தேதி தெரிந்தால் வழக்கைக் கண்டுபிடித்துவிடலாம். அதில் மாட்டியவர் இனியாவது நிம்மதியாக இருக்கட்டும். கிழமை மட்டும் சொல்கிறேன். இந்த விஷயத்தில் கிழமை செய்த கெடுதலே போதும்.

எனக்கு வேலை ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார், எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று பதிவேட்டில் ஏற்றுவது. ஐம்பது வயதானபோது, ஓய்வு பெறுவதற்குள் ஒரு எம்.ஏ. வாங்கிவிடவேண்டும் என்ற ஆசை வந்தது. தமிழ் படிக்கலாம் என்றார் ஒரு நண்பர். நான் குற்றவியலும் குற்றவியல் நீதி நிர்வாகமும் என்ற பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். செய்தித்தாளில் வரும் குற்றச் செய்திகளை வருடவாரியாக வெட்டி ஒட்டி வைத்திருந்தவனுக்கு அது இயல்பாகத்தான் பட்டது. தொலைநிலைக் கல்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து தண்டனைக் கோட்பாடுகளைக் கேட்டோம். தண்டனை என்றால் என்ன என்பது முதல் ஞாயிறு மதியத்துக்குள் எங்கள் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. மொத்தம் பதினான்கு பேர். பாதிப் பேர் போலீஸ்காரர்கள். பட்டம் இருந்தால் பின்னால் ஏதாவது உதவும் என்று வந்தவர்கள். பேராசிரியர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வருவார். திரையில் போட்ட வரிகளை நாங்கள் படிப்பதற்குள் அவரே படித்துவிடுவார். மூன்றரை மணிக்கு மேல் அவருக்குப் பால்கோவா நினைப்பு வந்துவிடும். சூடாறுவதற்குள் வாங்கவேண்டுமாம்.

முன்னொரு காலத்தில் இத்தாலி நாட்டு டாக்டர் ஒருவர் கைதிகளின் மண்டை, தாடை, காது ஆகியவற்றை அளந்து, பிறவிக் குற்றவாளியை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று எழுதிய கதையைப் பேராசிரியர் ஒரு ஞாயிறு முழுக்க நடத்தினார். எல்லோரும் ஒருவர் தாடையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அளவுகளுக்கு மிகவும் நெருங்கி வந்தது பேராசிரியரின் தாடைதான். அதை யாரும் சொல்லவில்லை. இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது.

என் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு ஏட்டையா. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டூட்டி. அவர் கையை உயர்த்தினார்.

"அம்புட்டு அளவெல்லாம் எதுக்கு சார்? நாங்க செருப்பைப் பாத்தே சொல்லிருவோம்."

பேராசிரியர் சிரிக்கவில்லை. "நல்ல கள அனுபவம்," என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

ஏட்டையா என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். மதியம் அவர் கொண்டுவரும் எலுமிச்சை சாதமும் என் தயிர்சாதமும் பாதி பாதி மாறும். இரண்டு வருடம் இப்படிச் சாப்பிட்டோம். ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுதவேண்டும். தலைப்பு நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வாய்தா. ஒரு வழக்கு ஏன் தள்ளிப்போகிறது, எத்தனை முறை தள்ளிப்போகிறது, என்ன காரணம் சொல்லப்படுகிறது. தேதிப் பைத்தியத்துக்கு இதைவிட நல்ல தீனி இல்லை. பேராசிரியர்தான் எனக்கு வழிகாட்டி. "எளிய தலைப்பு. சீக்கிரம் முடியும்," என்றார். வாய்தாவைப் பற்றி அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை; ஞாயிறு வகுப்பு முடிந்து இரவு ஷிப்டுக்குப் போவேன். செவ்வாய்தோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், நீதித்துறை நடுவர் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு வரிசை எண், வழக்கின் தன்மை, தள்ளிவைத்த காரணம் என்று மூன்று பத்திகள். டவாலி வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார். யாருடைய பெயர் என்பது கூப்பிட்டவருக்கும் வந்தவருக்கும் மட்டும் விளங்கும். ஒருவர் வந்து கைகட்டி நிற்பார். எங்கள் ஏட்டையா எழுந்து ஏதோ சொல்வார். பெஞ்ச் கிளார்க் ஒரு தேதியைச் சொல்வார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போவார். சராசரியாக ஒன்றரை நிமிடம். என் கைக்கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன்.

அவற்றில் மோட்டார் ஒயர் திருட்டு வழக்கு ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மாந்தோப்பில் பம்புசெட்டின் காப்பர் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த வழக்கு நான் பார்க்கவே ஐந்து முறை தள்ளிப்போனது. ஐந்து முறையும் ஒரே காரணம். "ஐந்தாவது சாட்சிக்குச் சம்மன் சார்பாகவில்லை ஐயா." சாட்சியிடம் சம்மனைச் சேர்க்க முடியவில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். சொல்வது எங்கள் ஏட்டையா. எழுதுவது நான். ஐந்தாம் முறை, 'சாட்சிகளின் பொறுப்பின்மை' என்று ஒரு தனி அத்தியாயத்துக்கு இதில் விஷயம் இருக்கிறது என்று நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்பு இன்னும் இருக்கிறது. நான் எதையும் அழிப்பதில்லை.

ஆய்வேட்டில் வாய்தாவால் பாதிக்கப்பட்டவர்களின் பேட்டியும் வேண்டும் என்றார் பேராசிரியர். அந்த ஐந்தாம் செவ்வாயன்று, ஒயர் வழக்கில் நின்றவரைக் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் பிடித்தேன். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. இரண்டு டீயும் இரண்டு பஜ்ஜியும் சொல்லிவிட்டு, அச்சடித்த வினாத்தாளை எடுத்தேன்.

"தம்பி, இது படிப்புக்காக. உங்க பேர் எங்கயும் வராது. வாய்தாவுக்கு வந்து போறதால உங்களுக்கு ஏற்படுற பாதிப்பு எப்படிப்பட்டது? மிக அதிகம், அதிகம், ஓரளவு, இல்லை. எதுக்கு டிக் போடட்டும்?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க டைம் ஆபீஸ் சார்தான?"

எனக்கு அவரைத் தெரியவில்லை. எங்கள் மில்லில் கான்ட்ராக்ட் ஆட்கள் பல நூறு பேர். அவர் டோக்கன் எண்ணைச் சொன்னார். உடனே நினைவு வந்துவிட்டது. ரிங் பிரேம் பிரிவு, முழு நைட் செட், பதிவேட்டில் இடப்பக்கம் கீழிருந்து மூன்றாவது வரி. அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தது நான்தான். முகம் மட்டும் இதற்கு முன் பார்த்ததாகத் தோன்றவில்லை.

"பெயரை எடுத்துட்டாங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"என்ன ஆச்சா? நல்லாக் கேட்டிய. நீங்க குடுத்த லெட்டர்ல இங்க நிக்கேன் சார்."

அவர் குரலை உயர்த்தவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். பல வருடங்களுக்கு முன் செண்பகத்தோப்பு செக்போஸ்ட்டில் விறகுக் கட்டோடு பிடிபட்டு வனத்துறைக்கு அபராதம் கட்டியவர் அவர். அந்தப் பெயர் ஸ்டேஷனில் எங்கோ தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒயர் திருட்டு நடந்தது ஒரு வியாழக்கிழமை விடியற்காலை மூன்று மணி. தோப்புக் காவல்காரர் டார்ச் வெளிச்சத்தில் ஒருவன் ஓடுவதைப் பார்த்தார். அன்று சாயங்காலமே இவரை வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். மில்லில் வேலையில் இருந்தேன் என்று இவர் சொன்னார். போலீஸ் மில்லுக்குக் கடிதம் எழுதிக் கேட்டது. நான் பதில் கொடுத்தேன்.

"புதன் முழு நைட் டூட்டின்னு அவியகிட்ட நூறு தடவ சொன்னேன். 'ஏலே, களவு போனது வியாழன், நீ புதன் கதையச் சொல்லுதியே'ங்காவ. நீங்களும் வியாழன் முழு நைட்டுக்கு நான் வரலன்னு எழுதிக் குடுத்துட்டிய."

பஜ்ஜி வாயில் இருந்தது. அதை மெல்லாமலே, வினாத்தாளின் பின்பக்கம் புதன், வியாழன் என்று இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

மில்லுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டும். எங்கள் மில்லில் நாள் காலை எட்டரைக்குப் பிறக்கிறது. எட்டரை முதல் ஐந்து வரை பகல் ஷிப்ட். ஐந்து முதல் இரவு ஒன்று வரை அரை நைட். ஒன்று முதல் மறுநாள் காலை எட்டரை வரை முழு நைட். மூன்றும் சேர்ந்தது ஒரு நாள். காலண்டரில் வியாழன் பிறந்து ஒரு மணி நேரம் கழித்து வேலைக்கு ஏறுகிறவன், மில் கணக்கில் புதன்கிழமைக்காரன். வியாழன் விடியற்காலை மூன்று மணி என்பது எங்களுக்குப் புதன் முழு நைட். சம்பளம், ஓவர்டைம், சண்டை, சமாதானம் எல்லாம் இப்படித்தான். மில்லில் யாரும் இதில் தடுமாறியதில்லை.

போலீஸ் கேட்டது காலண்டர் வியாழன். நான் சொன்னது மில் வியாழன். மில் வியாழனின் முழு நைட் என்றால் வெள்ளிக்கிழமை விடியற்காலை. அன்று அவர் வேலைக்கு வராதது முழு உண்மை. எப்படி வருவார்? வியாழன் சாயங்காலமே போலீஸ் கூட்டிப்போய்விட்டது. லாக்கப்பில் இருந்தவர் வேலைக்கு வரவில்லை என்று நான் அத்தாட்சி கொடுத்திருக்கிறேன். அதைக் காட்டி அவரைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருபத்துச் சொச்சம் நாள் உள்ளே இருந்தாராம்.

அவர் பிளாஸ்டிக் உறையைத் திறந்து ஒரு ஹெவி லைசென்ஸைக் காட்டினார். வெளியே வந்த பிறகு லாரி ஓட்டக் கற்று எடுத்தது. கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்ட ஆள் கேட்டிருக்கிறார்கள். வழக்கு இருக்கிறவனை எடுக்கமாட்டோம், காலேஜ் திறப்பதற்குள் முடித்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஆனியில தொறக்காவ. இன்னும் மூணு மாசம். அந்த அஞ்சாவது சாட்சி எங்க ஒளிஞ்சு கெடக்கானோ, அவன் வந்தாத்தான் முடியும்ங்காவ. நீங்க டிக் போடுங்க சார். மிக அதிகம்னே போடுங்க."

நான் டிக் போடவில்லை. கோர்ட் வாசலில் நின்ற ஏட்டையாவிடம் போய், அந்த ஐந்தாவது சாட்சியின் பெயரைக் கேட்டேன். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்து வாசித்தார். வாசித்தது என் பெயர். தகப்பனார் பெயரும் சரியாக இருந்தது.

"இந்த ஆளு லேசுல சிக்க மாட்டான் அண்ணாச்சி," என்றார். "மில் கேட்டுல கொண்டு குடுத்தா வாங்கிக்கிடுதாவ. பொறவு ஆள் இல்லன்னு திரும்பி வருது."

"ஏட்டையா, அது நான்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார்.

"போன ஞாயித்துக்கிழம தயிர்சாதம் குடுத்த நீங்களா?"

"ஆமா."

"செவ்வாக்கெழம ஆனா இங்கனயே வந்து ஒக்காந்துக்கிட்டு இருந்த நீங்களா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இதெல்லாம் ஆய்வேட்டுல எழுதுங்க அண்ணாச்சி. கோர்ட்டுல வந்து சொல்லிக்கிட்டு இருக்காதிய. என் சீட்டு கிழிஞ்சிரும்."

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாகப் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். புதன் முழு நைட்டில் அவர் டோக்கனுக்கு நேரே உள்ளே பன்னிரண்டு ஐம்பது, வெளியே எட்டு முப்பத்தைந்து. என் கையெழுத்து. ஏழுக்கு நான் போடும் குறுக்குக்கோடுகூட அருகில் எங்கோ தெரிந்தது. போலீஸ் அனுப்பிய கடிதமும் கோப்பில் இருந்தது. அதில் 'விடியற்காலை சுமார் மூன்று மணி' என்று தெளிவாக இருந்தது. அதை நான் படித்திருக்கிறேன். படித்ததற்கு அடையாளமாக மேலே சின்ன டிக் போட்டிருந்தேன்.

கோப்பையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். கோர்ட் சம்மன்களும் அவர் மேஜை ஓரத்து டிரேயில்தான் கிடந்தன, வெள்ளிக்கிழமைப் பூஜைக்கான சாமான் பட்டியலுக்குக் கீழே. திருத்தி ஒரு கடிதம் கொடுத்துவிடலாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கு எட்டிப் பார்க்கும்.

"எந்துகய்யா உமக்கு இந்த வேலை? லெட்டர்ல என்ன தப்பு? பதிவேட்டுல இருக்கிறதத்தான எழுதியிருக்கீரு?"

"பதிவேட்டுல இருக்கிறதுதான் சார். கேட்டது வேற."

"கேட்டவன் ஒழுங்காக் கேட்டிருக்கணும். மில்லுக்காரன் கோர்ட்டுக்குப் போனா மில்லுக்கு என்ன மரியாத? அந்தப் பதிவேட்ட வச்சுட்டுப் போம்."

வைத்துவிட்டு வந்தேன். செய்த தவறுகளில் இதையும் சேர்க்கவேண்டும்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். தவறான தண்டனைகளைப் பற்றி ஒரு முழு அலகு நடத்தியவர் அவர். விவரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இது பெரிய சிக்கல்," என்றார்.

"ஆமா சார். அந்தப் பையனுக்கு ஆனிக்குள்ள..."

"அதைச் சொல்லவில்லை. ஆய்வாளர் களத்தில் தலையிடக்கூடாது. அந்த வழக்கை மாதிரியிலிருந்து நீக்கிவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் பக்கத்துக் கோர்ட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்."

அடுத்த செவ்வாய் கோர்ட் வராந்தாவில் வைத்து, எனக்கு வந்த சம்மனை நானே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஏட்டையா நீட்டும்போது, "உங்களத் தேடி அலைஞ்சு கண்டுபிடிச்சதா எழுதிக்கிடுதேன்," என்றார். எழுதிக்கொள்ளட்டும் என்றேன். இலவசச் சட்ட உதவியில் ஒயர் வழக்குக்காரருக்கு வாதாடிய பெண் வழக்கறிஞரைப் பார்த்துப் புதன், வியாழன் கதையைச் சொன்னேன். இளம்பெண். இரண்டு முறை சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை ஒரு காகிதத்தில் கோடு போட்டு வரையச் சொன்னார். பிறகு, "இதை இவர் என்னிடமும்தான் சொன்னார். நான் உளறுகிறார் என்று நினைத்தேன்," என்றார். அப்படி ஒப்புக்கொண்ட ஒரே படித்த ஆள் அவர்தான். மில் பதிவேட்டை வரவழைக்க மனு போட்டார். கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் பழைய பதிவேடுகள் எடைக்குப் போடப்பட்டன என்று மில்லிலிருந்து பதில் வந்தது. நான் அதைப் பார்த்து ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை.

ஆகவே கூண்டில் நான் மட்டும் ஏறினேன். கையில் காகிதம் ஒன்றும் இல்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் கடிதத்தைக் காட்டி, கையெழுத்து என்னுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முடிந்தது என்று அவர் உட்காரப் போனார்.

பெண் வழக்கறிஞர் எழுந்து, வியாழன் விடியற்காலை மூன்று மணிக்கு இவர் எங்கே இருந்தார் என்று கேட்டார்.

"மில்லில். புதன்கிழமை முழு நைட்டில்," என்றேன்.

நடுவர் பேனாவை நிறுத்தினார். "கேட்டது வியாழன்."

"ஆமாங்க ஐயா. அது மில்லில் புதன்."

"கோர்ட்டில் வியாழன் என்றே சொல்லுங்கள்."

"வியாழன் முழு நைட் என்று சொன்னால் அது வெள்ளிக்கிழமை ஆகிவிடும் ஐயா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐந்து நிமிடம் போராடிய பிறகு நடுவர், "காலண்டரில் எந்தக் கிழமை, கடிகாரத்தில் எத்தனை மணி, அதை மட்டும் சொல்லுங்கள்," என்றார். சொன்னேன். இந்த ஒரு கேள்வியை முதலிலேயே யாராவது கேட்டிருக்கலாம். நானே என்னைக் கேட்டிருக்கலாம்.

"போலீஸ் கடிதத்தில் மூன்று மணி என்று இருந்ததா?"

"இருந்தது ஐயா."

"படித்தீர்களா?"

"படித்தேன்."

"பிறகு?"

"கிழமையை மட்டும் பதிவேட்டில் பார்த்தேன். மணியைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது."

அரசுத் தரப்பு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று அறிவிக்க அனுமதி கேட்டார். கிடைத்தது. பிறழ் சாட்சிகளைப் பற்றி என் ஆய்வேட்டில் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். மிரட்டல், ஆசை, உறவு, பயம் என்று நான்கு காரணங்களைப் பிரித்து விளக்கியிருந்தேன். ஒருவன் உண்மையைச் சொல்வதாலும் அப்படி ஆகலாம் என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

"எதிரியை நீங்கள் டீக்கடையில் சந்தித்தீர்களா?" என்று கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் எதிரி என்றுதான் சொல்வார்கள்.

"சந்தித்தேன்."

"எதற்கு?"

"எம்.ஏ. படிப்புக்காக."

"டீயும் பஜ்ஜியும் யார் வாங்கிக் கொடுத்தது?"

"நான்."

"சாட்சியே எதிரிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார், பதிவு செய்யவேண்டும் ஐயா."

பதிவாயிற்று. பஜ்ஜி வாழைக்காயா, வெங்காயமா என்று மட்டும் கேட்கவில்லை.

தீர்ப்பு வைகாசி நடுவில் ஒரு செவ்வாயன்று வந்தது. இரண்டு நிமிடத்தில் வாசித்து முடித்தார்கள். ஃபேன் சத்தத்தில் எதிரிக்கூண்டில் நின்றவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் ஏட்டையாவிடம், "அடுத்தது எப்ப சார்?" என்று கேட்டார்.

"அடுத்ததும் கிடையாது, மண்ணும் கிடையாது. விட்டாச்சுலே. போ, போய் வேலையப் பாரு."

அவர் நகரவில்லை. கையைக் கட்டியபடி அங்கேயே நின்றார். யாராவது ஒரு தேதி சொன்னால்தான் கால் எழும் போலிருந்தது. நான் தோளைத் தொட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். இந்த முறை டீக்கு அவரே முந்திக்கொண்டு கொடுத்தார். "நீங்க குடுத்தா இன்னொரு கேஸ் வந்துரும்," என்றார்.

தீர்ப்பின் நகல் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அதை வாங்கிக்கொண்டு கிருஷ்ணன்கோவிலுக்குப் போனவர், அன்று மத்தியானமே மில் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பஸ் பிரிவு மேலாளர் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் சந்தேகம் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்டாராம்.

"நான் மில்லுலதான் இருந்தேன்னு இதுல எங்கயாச்சும் எழுதியிருக்கா சார்? படிச்சுச் சொல்லுங்க."

வாசல் வேப்பமர நிழலில் நின்று பதினொரு பக்கத்தையும் படித்தேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அடையாளம் போதாது என்று இருந்தது. ஒயர் கைப்பற்றப்படவில்லை என்று இருந்தது. என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் இந்தச் சாட்சியின் கூற்றை எந்தத் தரப்புக்கும் ஆதாரமாகக் கொள்ள இயலாது. வார்த்தைக்கு வார்த்தை இப்படியில்லை, பொருள் இதுதான். ஐந்து நாள் லீவு போட்டு, மில்லில் விளக்கம் கேட்டு மெமோ வாங்கி, நம்பத்தகாதவன் என்று அரசாங்க முத்திரையோடு ஆகியிருந்தேன்.

"இல்ல தம்பி. எங்கயும் இல்ல."

"அப்ப நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. எழுதிப் பழக்கம்தான உங்களுக்கு?"

மில் லெட்டர்ஹெட் கிடைக்காது. பக்கத்துப் பெட்டிக்கடையில் வெள்ளைத்தாள் வாங்கி, அவர் முதுகைக் குனியச் சொல்லி அதன்மேல் வைத்து எழுதினேன். காலண்டர் தேதி, மில் தேதி, கிழமை இரண்டு விதமாகவும். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். நான் முன்பு கொடுத்த கடிதம் தவறு என்று ஒரு வரி. கீழே பெயர், பதவி, கையெழுத்து. வாசித்துக் காட்டினேன்.

"அந்த மூணு மணிய எழுதலியே சார்," என்றார், குனிந்தபடியே.

எழுதியிருக்கவில்லை. எழுதினேன்.

அதற்குள் ஆனி பிறந்துவிட்டது. கல்லூரி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது போன் வந்தது.

"வேல கெடச்சிட்டு சார்."

"லெட்டரைப் பார்த்து என்ன சொன்னாங்க?"

"அத எங்க பாத்தாவ? ஏற்கெனவே ஓட்டுன டிரைவரு சொல்லாமக் கொள்ளாமத் திருப்பூருக்குப் போய்ட்டானாம். ஹெவி லைசென்ஸ் இருக்கா, நாளைக்கே வருவியான்னு மட்டும் கேட்டாவ. லெட்டரு உறையிலயே இருக்கு."

"பத்திரமா வச்சுக்கிடுங்க."

"வச்சிருக்கேன். எடுக்கவேண்டியது வியாழக்கிழம காலம்பற ஆறேகால் வண்டி." உடனே சேர்த்துச் சொன்னார். "காலண்டர் வியாழன்தான் சார். ரெண்டு தடவ கேட்டுக்கிட்டேன்."